தபாலில் கட்டிய சுவர்

ஜூன் 2

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நலமாக வந்து சேர்ந்தேன். நீ கேட்கவில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். வழியனுப்ப நம் சபைக் குழுவில் எல்லார் வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பல் டாக்டருக்கு அவர் மாமியார்கூட வந்து கையசைத்தார். என் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. "அக்கா வரலையா அண்ணே?" என்று பாஸ்டர் கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்: "கோழிக்கு உடம்பு சரியில்ல." விமான நிலையம் போகிற வரைக்கும் பேருந்தில் கோழிக்காக ஜெபம் நடந்தது. கோழி எப்படி இருக்கிறது?

போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. போனில் சொல்லலாம் என்றால் இங்கே இருப்பது ஒரே போன். அது பாஸ்டரின் மேஜைமேல் இருக்கிறது, பாஸ்டரும் மேஜையை விட்டு நகருவதில்லை.

வந்த மறுநாள் காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி வீடு கட்டும் வேலையைப் பிரித்தார்கள். எல்லாருக்கும் மஞ்சள் தொப்பி, எனக்கு மட்டும் வெள்ளை. வயசுக்கு மரியாதை போலிருக்கிறது என்று நானும் சந்தோஷமாகப் போட்டுக்கொண்டேன். "நீங்கதானே அண்ணே தலைமைக் கொத்தனார்" என்றார் பாஸ்டர்.

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். எப்படி நடந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பாஸ்டர் நம் சபைக்குப் புதுசு இல்லையா? கிழிந்த பாட்டுப் புத்தகங்களை நான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் நிறுத்தி, என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். நானும் பெருமையாக, "கட்டுற வேலைதான் பாஸ்டர். எங்கப்பா காலத்துல இருந்து கட்டிக்கிட்டு இருக்கோம். ஸ்கூலு, கோர்ட்டு, ஊர்ல பாதி நாங்க கட்டினதுதான்" என்றேன். மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. பைண்டிங் வேலைக்கு ஒருத்தர் ஏன் கண் கலங்குகிறார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பாய். வாயைத் திறந்தேன், அதற்குள் யாருக்கு வீடு கட்டுகிறோமோ அந்த அம்மாவைக் கூட்டிவந்து எதிரே நிறுத்திவிட்டார்கள். வெள்ளம் வீட்டை அடித்துக்கொண்டு போய்விட்டது. மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார், எல்லாரும் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே. ஆகஸ்டில் பெருமழை வந்துவிடுமாம். அந்த அம்மா என் கையைப் பிடித்து, விரித்துப் பார்த்து, அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். "இந்தக் கைதானே எங்களுக்கு வீடு கட்டப்போகுதுன்னு சொல்றாங்க" என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அதற்கப்புறம் எந்த வாயால் சொல்வது?

நீ கொத்தனார் மகள். உன் அப்பாவோடு சாரத்தில் ஏறி நின்றவள். சிமெண்டுக்கு மணல் எவ்வளவு, சுவர் கோணாமல் எப்படிப் போகிறது, எல்லாம் உடனே எழுது. அதுவரை எனக்குத் தெரிந்த முறையில் தொடங்கியிருக்கிறேன். கலவையைப் பசை பதத்தில் கரைத்து, செங்கல்லுக்கு மெல்லிசாகத் தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கி, மேலே பாரம் வைத்திருக்கிறேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

உன் வீட்டுக்காரர்

* * *

ஜூன் 13

மரியாதைக்குரிய தலைமைக் கொத்தனார் அவர்களுக்கு,

கோழி நலம். ஜெபத்தை உங்களுக்கும் சேர்த்து நடத்தச் சொல்லியிருக்கலாம்.

கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். புரையேறுகிற வரைக்கும் சிரித்தேன். அப்புறம் அந்தப் படுத்த மாமியாரை நினைத்தேன், சிரிப்பு நின்றுவிட்டது.

நான் ஏன் வழியனுப்ப வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். இந்தப் பயணத்துக்கு முதலில் பெயர் கொடுத்தது நான். "பெண்கள் சமையலுக்கு மட்டும்தான், இந்தத் தடவை சமையலுக்கு அங்கேயே ஆள் இருக்காங்க" என்று சபைச் செயலர் என் பெயரை அடித்தார். சபை மொத்தமும் உட்கார்ந்திருந்தது. நீங்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சுற்றாத மின்விசிறி. அடித்த இடத்தில் உங்கள் பெயரை எழுதினார்கள், அப்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ஊரில் பாதி நீங்கள் கட்டியதா? எனக்குத் தெரிந்து நீங்கள் கட்டிய ஒரே உயிருள்ள பொருள் நான்தான். அதையும் கட்டி அலமாரியில் வைத்துவிட்டீர்கள்.

சொல்லித்தர மாட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்தப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன், உங்களுக்காக இல்லை.

முதலில் அந்தச் சுவரை இடியுங்கள். நேராக அடுக்கினால் அது சுவர் இல்லை, அடுக்கு. கீழ்வரியில் இரண்டு செங்கல் சேருகிற மூட்டுக்கு மேலே மேல்வரியில் முழுச் செங்கல் உட்கார வேண்டும். மூட்டுமேல் மூட்டு வந்தால் சுவரும் நிற்காது, சம்சாரமும் நிற்காது. வரி என்றால் எழுத்து வரி இல்லை, செங்கல் வரிசை. உங்களுக்கு எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிமெண்டு ஒரு பங்கு, மணல் ஐந்து பங்கு. கலவை அள்ளும் கரணையில் எடுத்தால் வழியக் கூடாது. செங்கல்லைத் தண்ணீரில் ஊறப் போடுங்கள், குமிழி நின்ற பிறகு எடுங்கள். நூல் கட்டி அதை ஒட்டிப் போங்கள். ஒவ்வொரு வரியும் மட்டமா என்று ரசமட்டம் வையுங்கள், மூலை செங்குத்தா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். பாரம் வைக்காதீர்கள், அது அகராதி இல்லை. கட்டி முடித்ததும் காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் காட்டுங்கள். எனக்குத் தண்ணீர் காட்டியது போதும்.

கடையை நான்தான் திறந்துவைத்திருக்கிறேன். வக்கீல் தன் சட்டப் புத்தகத்தைக் கேட்டு நச்சரித்தார். பசை எந்தப் பதம் என்று தெரியாமல் என் கைக்குத் தெரிந்த கெட்டியில் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். உறுதியாக இருக்கிறது. ஆனால் திறக்க வரவில்லை என்கிறார்.

கொத்தனார் மகள்

* * *

ஜூன் 24

அன்புள்ள குருவே,

சுவரை இடிக்கச் சொல்லி எழுதியிருந்தாய். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே ஒரு ஆடு அதைச் செய்துவிட்டது. முதுகு அரிக்கிறது என்று லேசாகத் தேய்த்தது, அவ்வளவுதான். இடுப்பு உயரச் சுவர் அப்படியே படுத்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை, ஆட்டுக்கும் இல்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "இது சோதனைச் சுவர். மண்ணோட தன்மை தெரிய வேணாமா?" என்றேன். நம்பிவிட்டார்கள்! குழுவில் இருக்கும் பள்ளிக்கூட ட்ரில் மாஸ்டர், "அனுபவம்னா இதுதான்" என்று பல் டாக்டரின் காதில் சொன்னார். பொய் சொன்னதற்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதையும் மண்ணின் மேலுள்ள கவலை என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது எல்லாம் நீ சொன்னபடி. உன் கடிதத்தைக் கழிவறைக்குள் போய்த்தான் படிக்கிறேன். சந்தேகம் வந்தால் உள்ளே போகிறேன், தெளிவோடு வெளியே வருகிறேன். நான் அங்கே போய் ஜெபம் பண்ணுகிறேன் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. ஜன்னல் கட்டையின் உயரம் பற்றிக் குழப்பம் வந்தபோது ட்ரில் மாஸ்டர், "அண்ணே, கொஞ்சம் உள்ள போயிட்டு வாங்களேன்" என்றார்.

பல் டாக்டருக்கு நல்ல கை. மூட்டுகளில் கலவையைத் திணித்து, வழித்து, ஊதி, "கடிச்சுப் பாருங்க" என்கிற பாவனையில் தள்ளி நின்று பார்க்கிறார். சுவர் தோள் உயரம் வந்துவிட்டது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன், நூல் சுவரோடு ஒட்டி நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இனி வாசலுக்கும் ஜன்னலுக்கும் மேலே லிண்டல் போட வேண்டுமாம். லிண்டல் என்றால் என்ன? சீக்கிரம் எழுது.

வக்கீல் புத்தகத்தை ஆவியில் காட்டு, பசை இளகும். கோதுமை மாவுப் பசைதான் போட வேண்டும், தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர. வேறு எதையும் போடாதே.

வெள்ளைத் தொப்பி

* * *

ஜூலை 5

என்னங்க,

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் அனுப்பிய அறிக்கையைச் செயலர் வாசித்தார். பாதிக்கு மேல் உங்கள் புராணம். சோதனைச் சுவர் கட்டி மண்ணை ஆராய்ந்தாராம். மணிக்கொருதரம் தனியறையில் ஜெபிக்கிறாராம். என் பக்கத்தில் இருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இருமிச் சமாளித்தேன்.

அதுவரை பொறுத்துக்கொண்டேன். அப்புறம் வாசித்தார்: "நமது தலைமைக் கொத்தனார் உதிர்த்த முத்து: மூட்டுமேல் மூட்டு வந்தால் சுவரும் நிற்காது, சம்சாரமும் நிற்காது." சபை முழுக்க ஆமென். அதை வாசல் கரும்பலகையில் வேறு எழுதிப் போட்டிருக்கிறார்கள். கீழே உங்கள் பெயர்!

அது என் வாக்கியம். வயிற்றெரிச்சலில் உங்களுக்கு எழுதியது. சாந்துச் சட்டி சுமந்து என் தலையில் முடி கொட்டியது, முத்து உதிர்த்தது நீங்களா?

லிண்டலைப் பற்றி ஒரு எழுத்து எழுத மாட்டேன். சுவரைக் கட்டுவது யார் என்று பாஸ்டரிடம் உங்கள் வாயால் சொல்லுங்கள். அடுத்த குழுவில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள், சமையலுக்கு இல்லை, கொத்து வேலைக்கு. அதுவரை வாசலுக்கு மேல் ஒரு செங்கல் ஏற்றாதீர்கள். ஏற்றினால் அது அந்தப் பிள்ளைகளின் தலையில் வந்து விழும். இது கோபத்தில் சொல்வது இல்லை, தொழிலில் சொல்வது.

வக்கீல் புத்தகம் திறந்துவிட்டது. பக்கங்கள் தனித்தனியாக வந்துவிட்டன.

இப்படிக்கு,
முத்து உதிர்த்தவள்

* * *

ஜூலை 16

அன்புள்ளவளே,

உன் கடிதம் வந்ததும் வேலையை நிறுத்தினேன். "சுவர் இளைப்பாறணும்" என்றேன். எல்லாரும் சரி என்று உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் இளைப்பாறியது. மேகம் கூடிக்கொண்டே வந்தது. "சுவர் எப்ப எந்திரிக்கும் அண்ணே?" என்று ட்ரில் மாஸ்டர் கேட்கத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் காலையில் போனால், கூரை இல்லாத அந்த வீட்டுக்குள் கட்டிலைப் போட்டு மாமியாரைப் படுக்க வைத்திருக்கிறார் அந்த அம்மா. பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, இது என் இடம் என்று கோடு கிழித்துக்கொண்டிருந்தார்கள். கிழவி என்னைப் பார்த்து, மேலே வானத்தைக் கையால் காட்டி, பொக்கை வாயால் சிரித்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

காலை ஜெபத்தில் எழுந்து நின்றேன். "பாஸ்டர், நான் கட்டுறவன்தான். ஆனா புத்தகம்" என்றேன்.

பாஸ்டருக்குப் புரியவில்லை. "என்ன புத்தகம் அண்ணே?"

"பாட்டுப் புத்தகம், கணக்குப் புத்தகம், எல்லாப் புத்தகமும். வீடு கட்டினதில்ல."

"அப்ப இந்தச் சுவரு?"

"அது என் வீட்டுக்காரி கட்டினது பாஸ்டர். தபால்ல."

பல் டாக்டர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் உன் கடிதங்களை எடுத்துக் கொடுத்தேன். திட்டு இருக்கிற பக்கங்களை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன், திட்டு இல்லாத பக்கம் அகப்படவில்லை. பாஸ்டர் நின்றபடியே முழுவதும் படித்தார். மின்விசிறி வரும் இடத்தில் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அங்கேயே செத்துவிட்டேன். அந்தக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நான் போக வேண்டும் என்கிற ஆசை, உன்னைவிட எனக்கு மேடையில் நல்ல பெயர் வரட்டும் என்கிற ஆசை. என்னை மன்னித்துவிடு.

மொழிபெயர்ப்பாளர் அந்த வீட்டம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா அசரவே இல்லை. "எனக்கு மொத நாளே தெரியுமே. செங்கல்லை எடுத்துத் தூசி தட்டி, முன்னாடியும் பின்னாடியும் திருப்பிப் பார்த்தாரே, பேரு தேடுற மாதிரி" என்றாராம். அன்று என் கையைப் பார்த்துச் சொன்னதும் மொழிபெயர்ப்பாளர் சொன்னது இல்லையாம். "இந்தக் கையா வீடு கட்டப்போகுது?" என்றுதான் கேட்டாராம்.

இப்போது என் தொப்பி மஞ்சள். செங்கல் சுமக்கிறேன். லிண்டல் பற்றி எழுது, உன் காலில் விழுகிறேன்.

உன் சித்தாள்

* * *

ஜூலை 16

என்னங்க,

அவசரமாக எழுதுகிறேன். நேற்று இங்கே நல்ல மழை. சமையலறையில் ஒழுகுகிற இடத்தில் வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்தால், அந்தக் கிழவி ஞாபகம். நம் சண்டைக்கு அவர் ஏன் நனைய வேண்டும்? எனவே லிண்டல், அதாவது திறப்புக்கு மேலே பாரம் தாங்கும் கான்கிரீட் உத்தரம்: திறப்பின் மேல்மட்டத்தில் பலகை கொடுத்து, கீழே கட்டைகளை நிறுத்தி நன்றாக முட்டுக் கொடுங்கள். கம்பி அடிப்பக்கமாக வர வேண்டும். இரண்டு பக்கமும் சுவர்மேல் ஒரு சாண் உட்கார வேண்டும். ஜல்லிக் கலவையைக் குத்திக் குத்திப் போடுங்கள். தினமும் நனையுங்கள்.

இன்னொரு விஷயம். போன கடிதத்தில் உண்மையைச் சொல்லச் சொன்னேன் அல்லவா? சொல்லாதீர்கள்! சபைக் கூட்டத்தில் செயலர் எழுந்து, "அவர் கடைப் பலகைல புத்தகம் கட்டுமிடம்னுல்ல போட்டிருக்கு? நாமதான் ஏமாந்துட்டோமா?" என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ! நான் உங்களைத் திட்டலாம், ஊர் சிரிக்கலாமா? எழுந்து நின்று, "புத்தகம் கட்டுறது பொழப்புக்கு. கொத்து வேலை எங்கப்பாகிட்ட முறையா படிச்சவரு. அப்பாவே கைய எடுத்துக் கும்பிட்டிருக்காரு" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா உங்களைப் பார்த்துக் கும்பிட்டது உண்மைதான். நீங்கள் ஆணி அடிக்கும்போது, போதும் மாப்பிள்ளை என்று கும்பிட்டார். மீதி எல்லாம் பொய். இப்போது சபைக்குச் சுற்றுச்சுவர் கட்டும் வேலையை உங்களுக்கே என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். என் மானம் உங்கள் கையில் இருக்கிறது. வாயைத் திறக்காதீர்கள். உங்களுக்கு அது பழக்கம்தானே.

கோழி இப்போது தினமும் இடுகிறது.

உங்கள் வீட்டுக்காரி

ஓரத்தில் எழுதுகிறேன், மறந்துவிட்டேன்: பத்து நாளைக்கு யாரும் முட்டை எடுக்கக் கூடாது. ட்ரில் மாஸ்டர் கேட்டாலும் விடாதீர்கள்.

* * *

ஆகஸ்ட் 8

அன்புள்ள பொய்க்காரிக்கு,

வாயைத் திறக்காதே என்று நீ எழுதிய கடிதம், நான் வாழ்க்கையில் முதல்தடவையாக வாயைத் திறந்த பிறகு வந்து சேர்ந்தது. நம் ஜாதகம் அப்படி. அதற்குள் பாஸ்டர் செயலருக்குப் போன் போட்டு, "அண்ணன் புத்தகம் கட்டுறவராம்" என்று சொல்ல, அவர், "இல்ல பாஸ்டர், அவங்க வீட்டம்மாவே எழுந்து நின்னு சாட்சி சொன்னாங்க" என்று சாதித்திருக்கிறார். நான் கொத்தனார் இல்லை என்று நிரூபிக்க நானே போனில் பேச வேண்டியிருந்தது.

பாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். "அண்ணன் சொன்ன பொய்க்கு அண்ணன் செங்கல் சுமந்தாச்சு. அக்கா சொன்ன பொய்க்கு அக்கா வந்து ரெண்டாவது வீட்டைக் கட்டணும். தலைமைக் கொத்தனாரா." அடுத்த குழுவில் உன் பெயர்தான் முதல் பெயர். செயலர் தன் கையாலேயே எழுதினாராம்.

லிண்டல் போட்டாகிவிட்டது, கூரையும் ஏறிவிட்டது. அதற்கு மறுநாள் மழை பிடித்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. கிழவி என்னைக் கூப்பிட்டு மேலே காட்டிக் காட்டிச் சிரித்தார்.

ஒன்று மட்டும் எங்களுக்கு விளங்கவில்லை. நீ எழுதியபடி பத்து நாள் குழுவில் ஒருவரும் முட்டை எடுக்கவில்லை. ட்ரில் மாஸ்டர் தினம் காலையில் இரண்டு சாப்பிடுகிறவர், பாவம், தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். விடவில்லை. முட்டைக்கும் லிண்டலுக்கும் என்ன சம்பந்தம் என்று பல் டாக்டர் கேட்டார். சுண்ணாம்புச் சத்தாக இருக்கும் என்றேன். நீ சொன்னால் காரணம் இல்லாமல் இருக்குமா?

உன் வீட்டுக்காரர்

பின்குறிப்பு: லிண்டலுக்கு அடியில் நின்ற கட்டைகளை மூன்றாம் நாளே பிடுங்கி பெஞ்சு செய்யப் பார்த்தார் மாஸ்டர். நல்லவேளை, அந்த அம்மா அவற்றில் துணிக்கொடி கட்டிவிட்டதால் முடியவில்லை.

* * *

செப்டம்பர் 19

என்னங்க,

வந்து சேர்ந்தேன். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும், அதனால் சொல்கிறேன். வழியனுப்ப நீங்கள் கோழியையும் தூக்கிக்கொண்டு வந்தது கொஞ்சம் அதிகம்.

முட்டுக்கும் முட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே எல்லாருக்கும் விளக்கிவிட்டேன். எந்தக் கட்டையை எடுக்கக் கூடாது என்று எழுதினேனோ, அதை ஒரு துணிக்கொடி காப்பாற்றியிருக்கிறது. அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டேன், ஏன் என்று அவருக்குப் புரியவில்லை. பாஸ்டர் இன்னமும் நம்பவில்லை. இன்று காலை தட்டை என்னிடம் நீட்டி, "எடுக்கலாமா அக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாப்பிட்டார்.

உங்கள் வீட்டைப் போய்ப் பார்த்தேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். தூக்குக்குண்டு விட்டேன், ரசமட்டம் வைத்தேன். நாலாவது வரியில் ஒரு செங்கல் துருத்திக்கொண்டிருக்கிறது. மற்றபடி அப்பா பார்த்திருந்தால் மறுபடி கும்பிட்டிருப்பார், இந்தத் தடவை நிஜமாக.

வாசல் பக்கத்தில் வந்து நின்றேன். பக்கச் சுவரில், சிமெண்டு ஈரமாக இருந்தபோது கீறிய எழுத்து. கீழிருந்து மேலாக, புத்தக முதுகில் போடுவதுபோலச் செங்குத்தாக. உங்களைத் தவிர உலகத்தில் யார் சுவரில் இப்படி எழுதுவார்கள்? கழுத்தைச் சாய்த்து எழுத்துக்கூட்டிப் படித்தேன்: "கட்டினவள் கட்டியது."

படித்துவிட்டு அப்படியே சாய்ந்த கழுத்தோடு நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் கட்டிக்கொண்டவள் என்கிறீர்களா, வீட்டைக் கட்டினவள் என்கிறீர்களா? இரண்டும்தான் என்று தெரிந்தாலும், உங்கள் வாயால் கேட்க ஆசையாக இருக்கிறது. அந்த அம்மா வந்து பக்கத்தில் நின்றார். அவரும் கழுத்தைச் சாய்த்தார், பிள்ளைகள் மூன்றும் சாய்த்தன. இந்த வீட்டுக்கு வருகிற எல்லாரும் இப்படிச் சாய்ந்துதான் பார்க்கிறார்களாம். என்ன எழுதியிருக்கிறது என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். "புத்தகத்தோட பேரு" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாவது வீட்டைத் தொடங்குமுன், இந்த வீட்டுக்கு வெளிப்பூச்சைப் பூசி முடிக்கச் சொன்னார்கள். இன்று முழுக்கப் பூசினேன். உங்கள் எழுத்து இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு, சுற்றிலும் பூசியிருக்கிறேன்.

உங்கள் கட்டினவள்